எதிர்வீட்டு ஜெனரல் ஷிப்ட்

கும்மிடிப்பூண்டியில் சங்கு ஊதாத நேரம் கிடையாது. சிப்காட்டில் ஒரு மில் ஊதி ஓய்ந்தால் அடுத்த மில் ஆரம்பிக்கும். எங்கள் ரெட்டம்பேடு சாலைக் காக்காய்களுக்குக்கூட எது யாருடைய சங்கு என்று தெரியும். பகல் சோற்றுச் சங்கு ஊதாமல் ஒரு காக்காயும் என் மொட்டைமாடிக்கு வராது. நானோ தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எதிர்முனையில் ஒருவர் தும்மினால் போதும், தும்மியது பொன்னேரியா கவரைப்பேட்டையா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட காதே மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்குத் திகைத்து நின்றது. ஊதியது எந்த மில்லின் சங்கும் இல்லை. சத்தம் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது.

என் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. தெருமுனை டீக்கடையில் பால் பொங்காமலே வழிந்தது. ஆந்திரா போகும் லாரிகளெல்லாம் நெடுஞ்சாலையில் பிரேக் போட்டு நின்றன என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, இரண்டு லாரி நின்றது.

இட்லி மாவுக் கையோடு ஓடினேன். கூடத்தில் வீரராகவன் மில் சட்டையும் கால்சட்டையும் போட்டு, கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தான். சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர்.

"இன்னா வீரா, ஊட்லயே மில்லு தொறந்துட்டியா?"

"ஸ்கூலுக்கா! ஹோம் ஸ்கூலு. இன்னிலேர்ந்து பூமி ஜெனரல் ஷிப்ட்டு. நான் ஊட்ல கீற நேரம் நான் சூப்பர்வைசரு. நான் வேலைக்குப் போனா லோகு டேக் ஓவரு."

"அதுக்கு சங்கு எதுக்குடா?"

"சங்கு இல்லாம டிசிப்ளின் எப்டிக்கா வரும்? ஸ்கிராப்ல கெடந்துச்சு. மோட்டர நானே சுத்திப் போட்டேன், டைம் வந்தா தானா ஊதும். எப்டி சவுண்டு?"

"செத்துப்போன எங்கப்பா எந்திரிச்சி குந்திட்டாரு. காபி கேக்கறாரு."

அவன் சிரித்தான். நல்ல பையன்தான், சிரிக்கத் தெரிந்தவன். ஆனால் தரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று மில்லில் தரையில் மஞ்சள் கோடு போட்டு வைப்பார்களாம். அதையே இங்கேயும் போட்டிருந்தான். செருப்புக்கு ஒரு கட்டம், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு கட்டம், பூனைக்கு ஒரு கட்டம். நடுவில் பெரிய கட்டம். அதற்குள் அவன் மகள் பூமிகா, ஒன்பது வயது, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் வெள்ளைப் பலகை: 'இன்றைய டார்கெட்: வாய்ப்பாடு 2. இங்கிலீஷ் வார்த்தை 20. ரிஜெக்‌ஷன் 0.'

"எனக்கும் ஒரு கட்டம் போட்டுகிறாருக்கா," என்றாள் அவன் மனைவி லோகு, உள்ளேயிருந்து. "அடுப்பாண்ட."

அந்த வீட்டில் மஞ்சள் கோட்டை மதிக்காத ஒரே ஜீவன் பூனைதான்.

பூமிகா எப்படிப் பள்ளியை விட்டு வீட்டோடு வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை அம்மா என்று சொல்வதற்கு முன்னால் 'ஏன்' என்று சொன்னது. நாலு வயதில் சென்னை ரயிலில் எதிர்சீட்டுக்காரரை அவள் கேட்ட கேள்வியில் அவர் மீஞ்சூரிலேயே இறங்கிவிட்டார். அவர் போகவேண்டிய ஊர் பேசின் பிரிட்ஜ். மீன் தூங்கும்போது தண்ணியில் விழுந்துடாதா? ரயில் கிளம்பறதுக்கு முன்னாடி ஏன் கத்துது, அதுக்குப் பயமா? என்னிடம் ஒருநாள் கேட்டாள்: "டெலிபோன் ஆன்ட்டி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா ஒயருக்குள்ள வார்த்தைங்க இடிச்சிக்காதா?" ஆயுசு முழுக்க அந்த ஒயரோடு குடித்தனம் பண்ணிய எனக்கு அது தோன்றவே இல்லை.

அவள் போன தனியார் பள்ளியில் கேள்விக்கு நேரமில்லை. கேட்டால் வாயில் விரலை வைத்து வராண்டாவில் நிற்க வேண்டும். நின்றாள், வாரக்கணக்கில் நின்றாள். பிறகு காலையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தால் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். டாக்டர் வயிற்றைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். பொங்கலோடு லோகு அவளை நிறுத்திவிட்டாள். "எம் புள்ள வாய் தொறந்தா கேள்வி வரும், இப்ப வாந்தி வருது. நானே ஊட்ல சொல்லித் தரேன்" என்றுவிட்டாள்.

இதற்கு வீராவின் அண்ணன் அன்புசெல்வன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல்லும் மாந்தோப்பும் உள்ளவர். தம்பியைச் சோறுபோட்டு ஐ.டி.ஐ. படிக்க வைத்தவர், அவர் பேச்சுக்கு வீரா எதிர்ப்பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடாமலே தெருவுக்குக் கேட்கும் குரல்.

"பொட்டப் புள்ளைய ஊட்ல குந்த வெச்சிகினு இன்னாடா வெளயாட்டு? எம் பொண்ணுங்க படிச்ச ஹாஸ்டல்ல சீட்டு சொல்லி வெச்சிகிறேன். வைகாசில வரேன். வாய்ப்பாடு கேப்பேன், இங்கிலீஷ் கேப்பேன். டாண் டாண்ணு சொன்னா உங்க இஷ்டம். இல்லன்னு வெய்யி, அன்னிக்கே கூட்டினு பூடுவேன்."

அந்த ஹாஸ்டலில் விடியுமுன் எழுப்புவார்கள், தீபாவளிக்குத்தான் பெற்றவர் முகம் பார்க்கலாம். லோகு அன்று முழுக்க வெங்காயம் உரித்தாள். சமைத்தது மோர்க்குழம்பு.

ஆக, சங்கு பிறந்த கதை இதுதான். ஒத்துக்கொள்ள வேண்டும், உற்பத்தி எகிறியது! எட்டுக்குச் சங்கு, கட்டத்துக்குள் பூமி. பத்தரைக்குச் சங்கு, தண்ணீர். பன்னிரண்டரைக்குச் சங்கு, சோறு. பங்குனிக்குள் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்துவிட்டாள். பலகையில் ரிஜெக்‌ஷன் பூஜ்யம். வீரா மில்லில் லட்டு கொடுத்தான்.

"ஒரு கேள்வியும் கேக்கறதில்லக்கா," என்றாள் லோகு ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது. "ஊடு நெசப்தமா கீது. எனக்கு பேஜாரா கீது."

பங்குனி கடைசியில் ஒரு பகல், கரண்ட் போயிற்று. வீரா முதல் ஷிப்ட். லோகு ரேஷன் கடை வரிசையில். காக்காய்கள் என் மாடியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எதிர்வீட்டுச் சோற்றுச் சங்கு ஊதவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளாமல் எட்டிப் பார்க்கப் போனேன்.

பூமிகா கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டத்தில் மூடிவைத்த சோறு.

"சாப்டலயாடி?"

"சங்கு ஊதல ஆன்ட்டி."

அவளுக்குக் கீழே தரை ஈரம். அந்த ஈரம் மஞ்சள் கோட்டைத் தாண்டிவிடாமல் பாவாடை நுனியைச் சுருட்டி அணை கட்டிக்கொண்டிருந்தாள். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

சாயங்காலம் வீராவிடம் லோகு சொன்னாள். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றவன், பாவி, நிமிர்ந்து என்ன சொன்னான் தெரியுமா?

"கரண்ட் போனா கஷ்டந்தான். பேட்டரி பேக்கப்பு ஒண்ணு போட்டுட்றேன்."

தோசைத் திருப்பி பறந்து வந்து வெள்ளைப் பலகையில் பட்டது. பலகைக்கு அதுதான் முதல் ரிஜெக்‌ஷன்.

மறுநாள் லோகு என் மொட்டைமாடியில் நின்று யாருக்கோ போன் செய்தாள். 'ஊட்லயே படிக்கிற புள்ளைங்க' என்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் கிடைத்த நம்பராம். எனக்கு ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்டது. ஆபரேட்டராக இருந்தவளுக்கு அதைவிடக் கொடுமை உண்டா? "ம்... ஆமாங்க... மஞ்சப் பெயிண்ட்டுங்க... இல்லீங்க, பூனைக்கும் சேத்துதாங்க..." பிறகு ரொம்ப நேரம் பேச்சில்லை. லோகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கு வறண்டது. "வரேன்னாங்கக்கா" என்பதற்குமேல் பெயரவில்லை.

வந்தவள் ஆபிதா. பழவேற்காட்டுக்காரி, கணவருக்கு அங்கே பஜாரில் வலை, கயிறு வியாபாரம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் வீட்டில் படித்தவர்கள். செவ்வாப்பேட்டையிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் இப்படி வீட்டில் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் போன், அவள்தான் ஆறுதல், அவள்தான் அதட்டல். சித்திரை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஐஸ் போட்ட டப்பா நிறைய இறால்.

வீரா பலகையைத் துடைத்து, ஸ்கேல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடிட்டர் வந்ததுபோல் தயாராக நின்றான். அவள் பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து, "தங்கச்சி, ஒரு கத்தி குடு. வெய்யில்ல கெட்டுடும்" என்று இறால் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். லோகு உட்கார்ந்தாள். அழைப்பில்லாமலே நானும் உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் வீராவும் உட்கார்ந்தான்.

"சங்கு சோக்கா கீதாமே? பழவேற்காட்டுலயே கேட்டுதுன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு."

"கேட்டுச்சா!" என்றேன் நான். இந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"எங்கூட்லயும் மொத வருசம் இதே கததாண்ணே. நான் சங்கு வெக்கல, வெங்கல மணி வெச்சேன். எம் பெரிய பொண்ணு முபீனா மணியத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டா. நாம படிச்ச ஸ்கூல்ல நம்மள எப்டி வெச்சானோ அத்த அப்டியே ஊட்டுக்குத் தூக்கியாந்துட்றோம். நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே?"

"சரிங்க. இது தப்புன்னா கரெக்ட்டு எது? ஒரு டைம்டேபிள் குடுங்க. நாளைக்கே ஏத்திட்றேன்."

"ஒண்ணும் பண்ணாதீங்க."

"இன்னாது?"

"பாடம் வாணாம், வாய்ப்பாடு வாணாம். உட்டுடுங்க."

"எத்தினி நாளைக்கு?"

"அவளா எதுனா கேக்கற வரிக்கும்."

வீராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மில்லையே விற்றுவிட்டார்கள் என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது.

"லைன் நிக்குங்க!"

"நிக்கட்டும்."

"எங்கண்ணன் வராருங்க. இப்ப கேட்டா பதினாறு வரிக்கும் மூச்சு உடாம சொல்லுவா. உட்டுட்டா மறந்துடுவா. மறந்தா ஹாஸ்டலு."

ஆபிதா கை நிற்கவில்லை. இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்தாள். "சொல்லி ஜெயிச்சிட்டான்னு வெச்சிக்குவோம். அப்பாலயும் சங்குதானே? அந்த ஹாஸ்டலுக்கும் இந்தக் கட்டத்துக்கும் இன்னாண்ணே வித்தியாசம்?"

கடாயில் எண்ணெய் மட்டும் காய்ந்தது.

"உங்க மில்லுல நீங்க எந்த செக்சனு?" என்றாள், ஏதோ பேச்சை மாற்றுவதுபோல்.

"ஃபர்னஸுங்க. இரும்புக் கட்டிய காய்ச்சறது. அப்பால அத்த உருட்டிக் கம்பியா இழுக்கறது."

"அது வருசம் பூரா எரியுமா?"

"ஒருவாட்டி ஷட்டவுன் வரும். உள்ள செங்கல்லு மாத்தணும்ல."

"நிறுத்துன கையோட உள்ள பூந்து மாத்திடுவீங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க!" அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "உள்ள பூந்தா எலும்புகூட கெடைக்காது. மெள்ள மெள்ள சூடு எறக்கணும். அவசரப்பட்டு ஆற வெச்சா செங்கல்லு வெடிச்சிடும். தண்ணி அடிக்கக் கூடாது. முக்கியமா, ஆறிச்சா ஆறிச்சான்னு கதவத் தொறந்து தொறந்து பாக்கக் கூடாது. புது மேனேஜருங்கதான் அத்தப் பண்ணுவாங்க. ஒவ்வொரு வாட்டியும் நான் சண்ட போடுவேன், சார், ப்ரொடக்சன் போவட்டும் சார், ஃபர்னஸு போச்சின்னா இன்னா சார் பண்ணுவ..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். கையில் ஒரு இறால் பாதி உரித்தபடி இருந்தது. கூடத்துப் பக்கம் பார்த்தான். பாடமில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் பூமிகா கட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தொக்குக்கு வெங்காயம் ஜாஸ்தி போடு தங்கச்சி," என்றாள் ஆபிதா.

சாப்பிட்டபின் மிச்சத்தைச் சொன்னாள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆள் வந்தால் கதவைச் சாத்தக் கூடாது. உட்கார வைத்து, காபி கொடுத்து, உள்ளதைச் சொல்ல வேண்டும். பதினாலு வயதானால் திறந்தநிலைப் பள்ளி மூலமாகப் பத்தாவது எழுதலாம். முபீனா அப்படித்தான் எழுதித் தேறினாள். மாதம் இரண்டு ஞாயிறு எல்லாக் குடும்பமும் ஏரிக்கரையில் கூடுவார்கள், வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"இன்னொண்ணு. நீங்க ரெண்டு பேரும் எதுனா புதுசா கத்துக்குங்க. அவ பாக்கட்டும். பெரியவங்க தட்டுத் தடுமாறிக் கத்துக்கறத புள்ளைங்க பாத்ததே இல்ல."

"எனக்கு ஸ்கூட்டி ஓட்டணும்னு ஆச," என்றாள் லோகு, சின்னக் குரலில்.

"எங்கையில சொல்லவே இல்லியே!" என்றான் வீரா.

"நீ எங்க கேட்ட? நீதான் எந்நேரமும் ஷிப்ட்ல கீறியே."

மறுநாள் முதல் எதிர்வீட்டில் ஷட்டவுன். அக்னி நட்சத்திரத்தில் தார் உருகி ஓடியது. செருப்பை ரோட்டில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் தெருவில் பத்துப் பேர். அந்த வெயிலைவிட வீரா பட்டதுதான் பெரிய பாடு. சும்மா இருக்கும் ஆளைப் பார்த்தாலே அவனுக்கு உடம்பு அரிக்கும். இப்போது மகள் சும்மா இருக்கிறாள், அவனும் சும்மா இருக்க வேண்டும். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். மறுநாளும் கழற்றினான். அந்த மின்விசிறிக்கு வாயிருந்தால் அதுவே ஹாஸ்டலில் சேர்ந்திருக்கும். 'ஏழெட்டு எவ்ளோமா' என்று நாக்கு நுனிக்கு வரும்; என் வீட்டுக்கு ஓடிவந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போவான்.

"அம்பத்தாறு," என்பேன்.

"தேங்க்ஸ்க்கா," என்பான், மூச்சு வாங்க.

பூமிகா முதல் வாரம் பழக்கதோஷத்தில் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்தாள். பிறகு ஒரு கால் கோட்டுக்கு வெளியே வந்தது. பிறகு கட்டிலடிக்குப் போனாள். அங்கே பூனையோடு படுத்துக் கிடந்தாள். பேச்சில்லை.

லோகுவோ ஸ்கூட்டி கற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்காட் ரோடு காலியாகக் கிடக்கும். வீரா பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, நான் மேற்பார்வை, பூமிகா மதகுக் கட்டையில் உட்கார்ந்து பார்ப்பாள். அந்தப் பேட்டையில் லோகு விழாத சாக்கடை இல்லை, மோதாத வேலி இல்லை. கேட்டுக் காவலாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த எருமைமேல் வண்டியை ஏற்றப் போய், எருமை எழுந்து நின்று அவளைப் பார்க்க, இவள் "சாரிங்க" என்றாள். மதகிலிருந்து ஒரு சத்தம். திரும்பினால் பூமிகா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். வீரா அழுதுவிட்டான். வியர்வை என்றான்.

சிரிப்பு வந்தது. கேள்வி வரவில்லை. வைகாசி வந்துவிட்டது.

அன்புசெல்வன் ஒரு கூடை பங்கனபள்ளி மாம்பழத்தோடு வந்து இறங்கினார். இந்தப் பெரிய உடம்பு, இந்தப் பெரிய மீசை. மீசையின் ஒருமுனை வாசலில் இருக்கும்போதே மறுமுனை அடுப்படிக்குப் போயிற்று. மாம்பழம் நறுக்கக் கத்தி கொடுக்கும் சாக்கில் நானும் போய்ச் சேர்ந்தேன்.

"எங்கடா எங்கூட்டு கலெக்டரு?"

"கட்டிலாண்ட கீறாண்ணா."

"கட்டில் மேலயா?"

"அடியில."

அவர் குனிந்தார். வேட்டி, மீசை, பாசம் எல்லாம் சேர்ந்து குனிந்தது. பாசம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "பூமி, வாடி கண்ணு. பெரிப்பாக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லு. பன்னெண்டு... சரி, ஏழு... சரி உடு, ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு."

கட்டிலடியிலிருந்து பூனை மட்டும் வெளியே வந்தது.

அவர் நிமிர்ந்தார். "இன்னாடா இது? போன் பண்ணப்ப பதினாறு வரிக்கும் சொல்றான்னு குதிச்ச?"

"ஷட்டவுன்ணா."

"இன்னா டவுனு?"

"நிறுத்தி வெச்சிகிறோம்."

"புள்ளையையா?" அவர் குரலில் என் கையிலிருந்த மாம்பழம் தானாகவே கொட்டை பிரிந்தது. "லோகு, அதும் துணிமணி எடு. பஸ்ஸு நாலு மணிக்கு. நான் பொறுப்பா பாத்துக்கறேன்."

லோகு அடுப்படிக் கட்டத்திலிருந்து நகரவில்லை. வீராவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"துணி எடுக்க வாணாண்ணா," என்றான் வீரா.

அந்த வீட்டில் முதல்முறையாக அண்ணனின் பேச்சுக்கு ஒரு 'வாணாம்' விழுந்தது. சொன்னவனே பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆனால் நிறுத்தவில்லை. சங்கைச் சொன்னான். கட்டத்தைச் சொன்னான். கரண்ட் போன அன்று அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். பாவாடை நுனியையும் சொன்னான்.

"அம்மாம் சூடு ஏத்திட்டேண்ணா நானு. இப்ப ஆற உட்டுகினு கீறேன். ஆறாம கதவத் தொறந்தா உள்ள வெடிச்சிடும். அவசரப்படாதண்ணா."

"ஃபர்னஸும் பொண்ணும் ஒண்ணாடா? இன்னாடா பேசற?"

"நைனா."

கட்டிலடியிலிருந்து வந்தது. நாங்கள் நால்வரும் பொம்மை மாதிரி நின்றோம்.

"இன்னாமா?"

"ஆறின அப்பால உள்ள யாரு போவாங்க?"

லோகு கரண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குழம்பு ரவிக்கையில் ஒழுகியது, அவளுக்குத் தெரியவில்லை.

"நாந்தாமா போவேன்," என்றான் வீரா, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல்.

"நீ உள்ள கீறப்போ, யாருன்னா தெரியாம சுச்சு போட்டுட்டா?"

"போட முடியாதும்மா. சுச்சு மேல நான் ஒரு பூட்டு போட்டுட்டுதான் போவேன். செவப்புப் பூட்டு. எம்பேரு எய்திருக்கும்."

"சாவி?"

"எம் பாக்கெட்ல."

"மேனேஜரு கேட்டா?"

"குடுக்க மாட்டேன். மொதலாளியே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. உள்ள போறது யாரோ, சாவி அவங்களாண்டதான் இருக்கணும். அதான் ரூலு."

கட்டிலடியிலிருந்து தலை முழுக்க ஒட்டடையோடு பூமிகா ஊர்ந்து வெளியே வந்தாள். பெரியப்பாவின் முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பெரிப்பா, அந்த ஹாஸ்டல்ல கேட்டு பூட்டுவாங்களா?"

"பின்ன? பொம்பளப் புள்ளைங்க கீற எடம்! பெரிய பூட்டா போட்டு பூட்டுவாங்க," என்றார் பெருமையாக.

"சாவி யாராண்ட இருக்கும்?"

"வார்டனாண்ட."

"உள்ள போறது நாந்தானே?"

அன்புசெல்வனின் மீசை அசைந்தது. கீழே பார்த்தார், கூடையைப் பார்த்தார், ஒரு மாம்பழத்தை எடுத்து முகர்ந்து திரும்ப வைத்தார்.

"எம் பொண்ணுங்க ரெண்டும் அங்கதான் படிச்சிதுங்க," என்றார், யாருக்கும் இல்லாமல். "அதுங்க இத்த கேட்டதே இல்ல."

"ஏன் கேக்கல?" என்றாள் பூமிகா. குத்தலாக இல்லை, அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அவர் போனில் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்குப் போனார். "ஏம்மா சுமதி... சும்மாதாம்மா... ஒண்ணு கேக்கணும்..." என்பது வரைக்கும் கேட்டது. அதற்குமேல் அந்தப் பெரிய குரலைக் காணோம். நான் கேட்காமல் இருந்துவிட்டேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், காது கொடுத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் பூமிகா மீசைக்கு எண்ணெய் எதற்கு, மாம்பழத்துக்குள் வண்டு எப்படிப் போயிற்று, ஓட்டை எங்கே, வண்டுக்கு இருட்டில் பயமில்லையா என்று கேட்டு முடித்திருந்தாள். நாலு மணி பஸ் அவரில்லாமலே போயிற்று. ஆறு மணி பஸ்ஸில் தனியாக ஏறினார். ஏறுமுன் தம்பியிடம், "கூடைய நீயே வெச்சிக்க. அந்த சீட்ட வேற யாருக்குனா குடுத்துட சொல்றேன்" என்றார்.

அடுத்த நாள் மில்லிலிருந்து வந்த வீரா ஒரு பழைய சிவப்புப் பூட்டைக் கொண்டுவந்தான். தன் பெயரைச் சுரண்டிவிட்டு 'பூமிகா' என்று எழுதியிருந்தான். அவள் அதை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். பீரோவைப் பார்த்தாள், வாசற்கதவைப் பார்த்தாள், பூனையைக்கூட ஒருமாதிரி பார்த்தாள். கடைசியில் முக்காலி போட்டுச் சமையலறை ஜன்னலில் ஏறி, சங்கின் சுவிட்சுப் பெட்டியில் மாட்டினாள். கிளிக். சாவி பாவாடைப் பையில் விழுந்தது.

ஒரு வாரம் போயிற்று. என் காக்காய்கள் நேரம் தெரியாமல் அலைந்தன. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏண்டி, சாவிய குடேன். ஒரேவாட்டி ஊதிப் பாக்கலாம். ஆந்திரா வரிக்கும் கேக்கற சங்கு!"

"ஆந்திரா வரிக்கும் கேக்குமா? எப்டித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"எப்டி ஆன்ட்டி தெரியும்?"

மாட்டிக்கொண்டேன். அதன் விளைவு, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லோகுவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ஆந்திர எல்லைக்குப் போனேன். வழியில் எத்தனை தெய்வங்களுக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்பது என்னோடு போகட்டும். ஆரம்பாக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் இறங்கி, சொன்னபடி பூமிகாவுக்குப் போன் செய்தேன்.

"வந்துட்டோண்டி. ஊது."

"நல்லா காது குடுத்து கேளுங்க ஆன்ட்டி."

கேட்டேன். லாரிகள் போயின. ஒரு ஆடு கத்தியது. இத்தனை தூரம் வந்துவிட்டுச் சும்மா திரும்புவதா?

"கேட்டுச்சி! சோக்கா கேட்டுச்சி! இங்க டீக்கட பாய்லரே ஆடிப்போச்சி!"

மறுமுனையில் சாவி பூட்டில் தட்டும் சத்தம்.

"ஆன்ட்டி," என்றாள் பூமிகா, "நான் இன்னும் பூட்டே தொறக்கல."